வெட்டாமல் போட்டது

நீலச் சாயத்தில் கூடையை இறக்கியபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பது. எட்டு நிமிடம் ஊற வேண்டும். இந்த எட்டு நிமிடத்தைச் செங்கோடன் இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. சேலத்தில் மருத்துவக் கல்லூரித் திசு ஆய்வுக்கூடத்துக்கு டெக்னீசியனாக வந்த மறு மாதமே அது அவன் உடம்புக்குள் போய்விட்டது, சாயத்தில் இறக்கிவிட்டுப் பாத்திரம் கழுவுவான், யாரிடமாவது பேச்சுக் கொடுப்பான், டீக்குப் போவான், திரும்பி வந்தால் சரியாக எட்டு நிமிடம் ஆகியிருக்கும். இன்றைக்கு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான், முள் நகர்வதாகத் தெரியவில்லை. கூடையில் பன்னிரண்டு கண்ணாடிச் சில்லுகள், ஒவ்வொன்றிலும் மெல்லிசாகச் சீவி ஒட்டிய திசு. எட்டு யார் யாருடையதோ, ஒரு பித்தப்பை, ஒரு கழுத்துக் கட்டி, யாரோ ஒரு பெரியவரின் குடல். மீதி நான்கு அவன் மகள் நிறைமதியின் நஞ்சுக்கொடி. திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள், முப்பத்தைந்தாவது வாரம், ரத்த அழுத்தம் நூற்றறுபதைத் தாண்டிவிட்டது, சிறுநீரில் புரதம் போகிறது, இனி வைத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம், எடுத்த கையோடு அழுதது. அழுதது. இந்த ஒரு சொல்லை நான்கு நாளாக அவன் நாக்கின் கீழ்க் கல்கண்டு மாதிரி வைத்திருந்தான், வேண்டும்போது ஒருமுறை புரட்டிக்கொள்ளலாம், கரைவதாயில்லை. தியேட்டர் கதவுக்கு வெளியே அந்தக் குரல் வந்தபோது பரிமளா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, கேட்டுச்சா, கேட்டுச்சா என்றாள், கட்டின புருஷன் செவிடன் என்பதுபோல. கேட்டது. கேட்டுவிட்டு அவன் செய்ததுதான் வேடிக்கை. சிஸ்டர் கையில் துணியில் சுற்றிய குழந்தையும், அவர் பின்னால் ஆயாம்மா கையில் தட்டில் நஞ்சுக்கொடியுமாக வெளியே வந்தார்கள், செங்கோடன் தட்டை வாங்கினான். ஏனுங்க, பேத்தி மூஞ்சியப் பாக்காம அதைய வாங்கிட்டு ஓடறீங்க என்று சிஸ்டர் கேட்டது படி இறங்கும்போதுதான் காதில் விழுந்தது. இரண்டு மாடி, நாற்பத்தெட்டுப் படி, ஐம்பத்து நான்கு வயதில் ஓடினான். பத்தே நிமிடத்தில் வெட்டினான், ரொட்டி வெட்டுவதுபோல் விரற்கடை அகலத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி வாளி நிறைய, திசு அழுகாமல் காக்கிற பார்மலினில் பிரித்துப் போட்டான், போட்ட பிறகுதான் மூச்சு வாங்கிற்று. இந்தத் தடவை வெட்டிவிட்டேன். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் இந்தத் தடவை என்றால் என்ன என்று கேட்பார்கள்.

எட்டு நாற்பத்திரண்டு. பார்மலின் சோம்பேறி, அவன் பாடம் எடுக்கும்போது அப்படித்தான் தொடங்குவான். புதிதாக வரும் நர்ஸ்களுக்கும் பயிற்சி மாணவிகளுக்கும் வருஷத்துக்கு இரண்டு தரம் அவன்தான் பாடம் எடுப்பான், பார்மலின் சோம்பேறிங்க, ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ள போனாப் பெருசு, முழு நஞ்சுக்கொடியத் தூக்கி அப்படியே வாளியில போட்டீங்கன்னா மேல்தோல் மட்டும் விறைச்சுக்கும், நடுவுல அழுகிப்போயிரும், அழுகினதுல எந்த டாக்டரும் ஒண்ணும் படிக்க முடியாது, அதனால வெட்டிப் போடுங்க, நீங்க வெட்டப் பயமா இருந்தா என்னையக் கூப்பிடுங்க. கூப்பிடுவார்கள். ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை, நிறைமதியின் முதல் குழந்தை முப்பத்தோராம் வாரத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. மத்தியானம் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு இதே அறைக்கு வந்தான். வாளி மேஜைமேல் இருந்தது. கத்தியை எடுத்தான். கை வைத்துப் பார்த்தான், குளிர்ந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சிக் கொஞ்சம்தான் இருந்தது, இவ்வளவு சின்னதாகவா என்று நினைத்தது நினைவிருக்கிறது, இதைப் பிடித்துக்கொண்டுதானே அது ஏழு மாதம் இருந்தது என்று நினைத்ததும் நினைவிருக்கிறது, அதற்கப்புறம் நினைத்தது எதுவும் நினைவில்லை. கத்தியைக் கீழே வைத்தான். முழுசாகப் போட்டு மூடினான். பார்மலின் சோம்பேறி என்று அவனுக்கு அப்போது தெரியாதா. தெரியும். திங்கட்கிழமை வந்து மூடியைத் திறந்தபோதே வாடை சொல்லிவிட்டது. திசு சிதைந்திருப்பதால் கருத்துக் கூற இயலவில்லை என்று அறிக்கை போனது. அப்போதிருந்த பெரிய டாக்டர், இப்போது மாற்றலாகிப் போய்விட்டார், யாருப்பா வெட்டாமப் போட்டது, புதுசா வந்தவங்களா என்று கேட்டார். ஆமாங்க சார், என்றான் செங்கோடன். அந்த ஆமாங்க சார்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. மனசு வரவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் தோளில் கைகூட வைத்திருப்பார். எதற்குப் பொய் சொன்னேன். வேலை போகும் என்றா, இல்லை. வேலை தெரியாதவன் என்று ஒரு நாளைக்கு ஒருவர் நினைத்துவிடுவார் என்றா. அவ்வளவுக்காகவா.

மணி அடித்ததுபோல் உடம்பு திரும்பிற்று, எட்டு நாற்பத்தெட்டு. கூடையைத் தூக்கி அலசினான், அமிலச் சாராயத்தில் ஒரு முக்கு, ஒன்றே ஒன்று, அதிகமானால் சாயம் ஓடிவிடும், பிறகு குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டான். சிவப்பும் ஊதாவுமாக இருந்த சில்லுகள் தண்ணீர் பட்டுப் பட்டு நீலமாகும், பத்து நிமிடம், மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளில் சீக்கிரம் ஏறும், போர்வெல் தண்ணீரில் ஒரு மாதிரி மங்கலாக நிற்கும் என்பது அவன் கட்சி. அதெல்லாம் உங்க கற்பனைங்கண்ணே, தண்ணி தண்ணிதான் என்பாள் ஜெயசீலி. அவளும் டெக்னீசியன்தான், பதினாறு வருஷமாகப் பக்கத்து மேஜை. இப்போதும் திசு பதித்த மெழுகுக் கட்டியை வெட்டு இயந்திரத்தில் மாட்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள். ஏண்ணே, மொறைச்சுப் பாத்தா நீலம் சீக்கிரம் ஏறிருமா. ஏறினாலும் ஏறும். நாலு நாளா ஒரு தினுசாத்தான் இருக்கீங்க, பாட்டுப் பாடறீங்க, உங்களுக்குத் தெரியுதா. நானா. பின்ன இந்தப் பித்தப்பையா பாடுச்சு. செங்கோடன் சிரித்தான், பாடினேனா, பாடியிருப்பேன், நெஞ்சுக்குள் யாரோ வரிசையாக வெடி கொளுத்திப் போடுகிறார்கள், நிற்கச் சொன்னால் நிற்காது. ஜெயசீலி சக்கரத்தைச் சுற்றினாள், மெழுகு நாடா வெளியே வந்தது, ஊதினால் பறக்கிற மெல்லிசு, பாப்பா கண்ணு தொறந்துச்சா என்றாள். தொறக்குது, ஆனா யாரையும் பாக்காது. உங்கள மாதிரியே. ஆமா, என்னைய மாதிரியே. நிஜமாகவே நெற்றி அவனுடையதுதான், பச்சைக் குழந்தை வார்டின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது மூக்கில் குழாயோடு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, என்ன இது, யார் இத்தனை விளக்குப் போட்டது என்பதுபோல் படுத்திருந்தது. விரலை நீட்டினால் பிடித்துக்கொள்கிறது என்று நேற்றுச் சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்துவந்த நிறைமதி சொன்னாள். பிடித்துக்கொள்கிறது. இதுவும் நாக்கின் கீழே போயிற்று.

தண்ணீர் ஓடிற்று. எட்டு ஐம்பத்திரண்டு. ஆனால் குழந்தை பிழைத்ததற்காக மட்டும்தானா இந்தத் துள்ளல் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொண்டான், கேட்காமல் விட்டால் அவன் செங்கோடன் இல்லை. பாதி அதற்காக. மறுபாதி இந்த நான்கு சில்லுக்காக. நிறைமதி ஓமலூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா, முதல் தடவை ஆறாம் மாதத்தில் பஸ்ஸில் நிற்க முடியவில்லை என்று ஸ்கூட்டர் வாங்கி ஓட்டிக்கொண்டு போனாள், ரோடு போடுகிற இடத்தில் ஒருநாள் பள்ளத்தில் இறங்கி ஏறினாளாம், விழக்கூட இல்லை, ஒரு குலுக்கல். அதைச் சும்மா இருக்காமல் வீட்டில் சொன்னாள். அப்புறம் அழுத்தம் ஏறியது, காலெல்லாம் வீங்கியது, குழந்தை போயிற்று, அறிக்கையில் கருத்துக் கூற இயலவில்லை என்று வந்தது. டாக்டர் எழுதாத கருத்தை அவள் மாமியார் எழுதிவிட்டார். வண்டில குலுங்கிக் குலுங்கிப் போனா, வவுத்துல இருக்கறது என்ன இரும்பா, என்று கேதம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், கெட்ட மனுஷி கிடையாது, செத்த பேரப்பிள்ளைக்கு அவரும் ஒரு காரணம் தேடினார், கையில் கிடைத்தது ஸ்கூட்டர். செங்கோடன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அது அப்படியில்லீங்க சம்பந்தியம்மா என்று சொல்ல வாயைத் திறந்தான், பின்னே எப்படீங்க என்று கேட்டால் காட்டக் கையில் காகிதம் இல்லை, காகிதத்தை அழுக விட்டவன் அவன்தான். வாயை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து நிறைமதி வண்டியைத் தொடவில்லை, அது தகரக் கொட்டகையில் போர்வை மூடிக் கிடக்கிறது. இந்த இரண்டாவதுக்கு எட்டு மாதமும் படுக்கையிலேயே இருந்தாள், வேலைக்குச் சம்பளமில்லாத விடுப்பு, டாக்டர் சொன்னபடி மூன்றாம் மாதத்திலிருந்து ராத்திரி ஒரு சின்ன ஆஸ்பிரின், கழிவறைக்குப் போவதற்குக்கூட மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளே நம்பிவிட்டாள். அதுதான். மகள் நம்பிவிட்டாள் என்பது தெரிந்த நாள், போன ஆடியில், அவன் பார்க்கப் போயிருந்தபோது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்தபடி, இந்தத் தடவ நான் ஒண்ணும் பண்ணலீங்கப்பா, அசையவே இல்ல, என்றாள். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை வீட்டில் வந்து சொல்வதுபோல. அப்போதே மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்டாமல் போட்டது நான் சாமி, என்று. சொல்லவில்லை. கொண்டுபோன ஆப்பிளை எடுத்து மேஜையில் வைத்தான்.

எட்டு ஐம்பத்தெட்டு, கூடை இளஞ்சிவப்புச் சாயத்தில் இறங்கிற்று, இது இரண்டு நிமிடம்தான். இப்போது பயம் வந்தது, துள்ளலுக்கு அடியிலேயே அதுவும் இருந்திருக்கிறது, இடம் பார்த்துக் காத்திருந்ததுபோல மேலே வந்தது. சில்லில் ஒன்றுமே இல்லாவிட்டால்? நஞ்சுக்கொடி வேர் பிடிக்கிற விதத்தை அவன் இருபத்தெட்டு வருஷத்தில் டாக்டர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு ஒரு கதைபோலத் தெரிந்துவைத்திருந்தான். அம்மாவின் கருப்பைச் சுவரில் ரத்தக்குழாய்கள் சுருள் சுருளாக ஏறி வருகின்றன, ஒவ்வொன்றைச் சுற்றியும் இறுக்கமான தசை, அம்மா பயந்தால் இறுகும், கோபப்பட்டால் இறுகும். குழந்தைப் பக்கத்திலிருந்து செல்கள் கிளம்பி அந்தக் குழாய்களுக்குள் இறங்குகின்றன, இறங்கித் தசையை அரித்துத் தள்ளிவிட்டுக் குழாயை அகலமாக்குகின்றன, நெல் வயலுக்கு மடையை வெட்டி அகலமாக்குகிறார்களே, அதுபோல. வேலை முடிந்த குழாய் அதற்கப்புறம் அம்மா எவ்வளவு பயந்தாலும் இறுகாது, தண்ணீர் ஆறாகப் பாயாமல் ஏரிபோல நிதானமாக வந்து நிற்கும், குழந்தை குடிக்கும். இத்தனையும் நாலாம் மாதம், மிஞ்சினால் ஐந்தாம் மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். சிலருக்கு இந்தச் செல்கள் பாதியில் நின்றுவிடுகின்றன, ஏன் என்று இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது, குழாய் குறுகலாகவே இருந்துவிடுகிறது, குறுகலான வாயில் ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது, கிளைகள் நைந்து முடிச்சு முடிச்சாகின்றன, அங்கங்கே ரத்தம் கிடைக்காத இடம் செத்து வெளுத்துக் கட்டியாகிறது, அந்தப் பட்டினியில் நஞ்சுக்கொடி எதையோ அம்மாவின் ரத்தத்தில் கலக்கிறது, அதற்கப்புறம்தான் அழுத்தம் ஏறுவதும் கால் வீங்குவதும். ஊருக்குத் தெரிவது ஏழாம் மாதத்தில், கெட்டுப்போவது நாலாம் மாதத்தில். நிறைமதி வண்டியைத் தொட்டது ஆறாம் மாதத்தில். எத்தனை சுலபம், இதை ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டிவிடலாம், ஆனால் உங்க பொண்ணுக்கும் அப்படித்தான்னு யாரு சொன்னா என்று கேட்டால்? திங்கட்கிழமை வெட்டும்போது ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கட்டி தட்டுப்பட்டது, சுண்ணாம்பு மாதிரி, கத்தி நின்று நின்று போயிற்று, அவன் மனசு குதித்தது, ஆனால் ஓரத்துக் கட்டி நல்ல நஞ்சுக்கொடியிலும் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எடை முந்நூற்றுப் பத்து கிராம், குறைவுதான், அதுவும் போதாது. குழாயைப் பார்க்க வேண்டும். குழாய்கள் எல்லாம் அகலமாக, அழகாக, பாடத்தில் போட்ட படம் மாதிரி இருந்துவிட்டால், படுத்தே கிடந்ததால்தான் இந்தத் தடவை வேர் நன்றாகப் பிடித்தது, போன தடவை வண்டிதான் என்று அவளே சொல்லிவிடுவாள், காலத்துக்கும் சொல்வாள். அதனால் அவன் வேண்டிக்கொண்டிருந்தான், நான்கு நாளாக, பஸ்ஸில், குளிக்கும்போது, பேத்தியின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகூட, குழாய் குறுகலாக இருக்கட்டும் என்று. பெற்ற மகள் உடம்பில் நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற தகப்பன். வேண்டிக்கொள்வதோடு பாட்டும் பாடியிருக்கிறான். நோய் ஏற்கெனவே வந்து அடித்துவிட்டுப் போயாயிற்று, நான் கேட்பது அது எந்த வழியாக வந்தது என்று மட்டும்தான், என்று சமாதானம் சொல்லிப் பார்த்தான். சமாதானம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் கூடையைத் தூக்கும்போது விரல் கூசிற்று.

ஈரம் போகச் சாராயம், மறுபடி சாராயம், திசு தெளியச் சைலீன், பசை, மேலே ஒரு மெல்லிய கண்ணாடி. குமிழி விழாமல் மூடினான். டெக்னீசியன் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதை மட்டும், நோயைப் பார்ப்பது டாக்டர் வேலை, இது அந்த அறையில் எழுதி ஒட்டாத சட்டம், செங்கோடன் மற்றவர்கள் விஷயத்தில் அதை ஒருநாளும் மீறியதில்லை, பார்த்தாலும் பார்க்காதவன்போல் கொண்டுபோய்க் கொடுப்பான். முதல் சில்லை ஏற்றினான். குழந்தையைச் சுற்றியிருந்த சவ்வைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் குறுக்கே வெட்டியது, கண்ணாடியில் ஜிலேபி மாதிரி வட்டம் வட்டமாகக் கிடந்தது, ஊதாவும் ரோஜாவும், சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது, மேட்டூர்த் தண்ணீர்தான் என்று மனசின் ஒரு மூலை சொல்லிற்று. வெளிவட்டத்திலிருந்து உள்ளே வந்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒரு குழாய், சாதாரணம். அடுத்த வட்டம். ஒன்றுமில்லை. கையிலிருந்த திருகு வியர்வையில் வழுக்கிற்று, சட்டையில் துடைத்துக்கொண்டான், மூன்றாவது வட்டத்தின் முடிவில், ஓரமாக, அது இருந்தது. சின்னக் குழாய், சுவர் தடித்து, சுவருக்குப் பதிலாகக் கறுஞ்சிவப்பில் பளபளவென்று ஒரு வளையம், அந்த வளையத்துக்குள்ளே கொழுப்புத் தின்று வீங்கிய செல்கள், சோப்பு நுரை மாதிரி. ஓட்டை ஊசிமுனை அளவு. செங்கோடன் கண்ணை எடுத்தான், மறுபடி வைத்தான், அங்கேயேதான் இருந்தது. இரண்டாவது சில்லைத் தேடி எடுத்தான், கருப்பையோடு ஒட்டியிருந்த அடிப்பக்கம், இங்கேதான் காலம் தெரியும், இங்கேதான் நாலாம் மாதம் என்ன நடந்தது என்பது எழுதியிருக்கும். நிதானமாக, பெரிய டாக்டர்போல உட்கார்ந்து, இடமிருந்து வலம் தேடினான், இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டையும் சுற்றித் தசை அப்படியே, யாரும் வந்து தொடாத தசை, ஆள் வராத மடை. எட்டு மாதம் அசையாமல் படுத்திருந்தவளின் மடை. அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, என்ன சத்தம் என்று அவனுக்கே தெரியவில்லை, ஜெயசீலி சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். என்னண்ணே. இருக்குது. என்ன இருக்குது. இருக்குது ஜெயசீலி, ரெண்டு சில்லுலயும் இருக்குது. அவளுக்குப் பாதி புரிந்தது, அழுவதா சிரிப்பதா என்று அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பார்த்தாள், அவன் இரண்டையும் செய்துகொண்டிருந்தான்.

பெரிய டாக்டரின் இடத்துக்கு வந்த டாக்டர் நூர்ஜஹான் அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள், வண்டிக் கதையெல்லாம் ஜெயசீலி சொல்லி அவளுக்குத் தெரியும், வந்து பையைக்கூடக் கழற்றாமல் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள், ஒவ்வொன்றாக நான்கையும் பார்த்தாள், அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் செங்கோடன் மேஜையிலிருந்த ரப்பர் பாண்டை விரலில் சுற்றிச் சுற்றி விரலே வெளுத்துவிட்டது. கிளைகளெல்லாம் மெலிஞ்சு முடிச்சுப் போட்டிருக்கு, குழாய் ரெண்டு எடத்துல நல்லாத் தெரியுது, அழகா வெட்டியிருக்கீங்க, என்றாள். அதென்னவோ, அழகா என்ற சொல் அவனை அடித்தது. மேடம், இத வெச்சு மொதத் தடவையும் இப்படித்தான்னு சொல்லலாங்களா. ஒரு கொடி இன்னொரு கொடிக்குச் சாட்சி சொல்லாதுங்க செங்கோடன், அது எழுதித் தர முடியாது. அவள் பையைக் கழற்றினாள். ஆனா ஒங்க பொண்ணு இந்தத் தடவ படுக்கையிலதான இருந்தாங்க. ஆமாங்க மேடம். வண்டியெல்லாம் ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லீங்க. அப்புறமும் இப்படின்னா, வண்டிய ஏன் திட்டணும், அத ஒங்க பொண்ணுகிட்ட நானே வந்து சொல்றேன். அவன் அவசரமாகத் தலையாட்டினான், இல்லீங்க மேடம், மொதல்ல நான் போறேன், நான் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. செல்போனைக் கண்குழாயில் வைத்துப் படம் எடுத்தான், ஆறு எடுத்ததில் ஒன்று தெளிவாக விழுந்தது. அந்த மொதக் கொடிய வெட்டாமப் போட்டது நான்தாங்க மேடம், புது ஆளு யாருமில்ல, என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்தான். ஒருவரிடம் சொல்லியாயிற்று, ஆச்சரியமாக இருந்தது, கால் லேசாக இருந்தது, நாற்பத்தெட்டுப் படியை எண்ணாமலே ஏறினான்.

பிரசவ வார்டில் ஆண்களுக்கு இது பார்வை நேரமில்லை என்று காவல்காரம்மா கையை நீட்டி மறித்தாள், அவன் கழுத்திலிருந்த ஆஸ்பத்திரி அடையாளச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். ஜன்னலோரக் கட்டிலில் நிறைமதி சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள், முகத்து வீக்கம் நேற்றைக்கு இன்று குறைந்திருந்தது. பத்து மணிக்குப் பச்சைக் குழந்தை வார்டில் கேட்பார்கள், அரை மணி நேரமாகப் பீய்ச்சி அடி மறைகிற அளவுதான் வந்திருந்தது. செங்கோடன் முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் நின்றான், அவள் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சொல்லுங்கப்பா, என்ன மூச்சு வாங்குது என்ற பிறகுதான் திரும்பினான். போனை நீட்டினான். இது என்னங்கப்பா, முறுக்கு மாதிரி. உன்ற ரத்தக்குழாய் சாமி. வயலுக்கு மடை மாதிரி இது விரிஞ்சிருக்கணும், விரியல. போன தடவ மாதிரி இந்தத் தடவையும் அழுத்தம் வந்தது இதனாலதான். அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். எப்ப விரியணும். நாலாம் மாசம், மிஞ்சினா அஞ்சு. அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள், விரல்களை மடக்கினாள், ஒருமுறை மடக்கி, சரியில்லை என்று மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். வண்டி எடுத்தது ஆவணியில. தெரியும். ஆவணின்னா ஆறு. ஆமா கண்ணு. அவள் மடக்கிய விரல்களைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். இதைத்தான் பார்க்க வந்தோம், இது போதும், போய்விடலாம் என்று அவனுக்குள் ஒருவன் சொன்னான், துள்ளல் அவன் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தது, நல்ல செய்தி சொன்னவனாகவே போய்விடலாம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். போன தடவையே இது தெரிஞ்சிருக்கும் சாமி. வெட்டிப் போட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் வெட்டல. முழுசாப் போட்டேன், அழுகிப்போச்சு. கேட்டவங்ககிட்ட வேற யாரோன்னு சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ சூடு ஆறாத கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார்கள். நிறைமதி அவனைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தாள். ஏன் வெட்டல. மனசு வரல. ஊருக்கே வெட்டுவீங்க. ஆமா. ரெண்டு வருஷம்ங்கப்பா, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், குரலை உயர்த்தவில்லை, எப்படி எண்ணிப் பார்த்தாலும் இரண்டு வருஷம் இரண்டு வருஷமாகவே இருந்தது, குறையவில்லை. கம்பியை விடவில்லை. அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, இத வெட்டினீங்களா, இந்தத் தடவ, என்று கேட்டாள். பத்து நிமிஷத்துல வெட்டினேன். கை நடுங்குச்சா. நடுங்குச்சு. அவள் தலையை ஆட்டினாள், அந்த ஆட்டலுக்கு என்ன பொருள் என்று பின்னால் எத்தனையோ நாள் யோசிக்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க. எதுக்கு. அத்தைக்குக் காட்டறதுக்கு. பொறவு எங்க சொந்தக்காரங்க குரூப்புல போடறேன், எல்லாரும் பாக்கட்டும், என்னோட மடைய. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, தையல் இழுத்து முகத்தைச் சுளித்தாள், சுளித்துக்கொண்டே சிரித்தாள், அவன் நெற்றிதான், பேத்திக்கும் இதேதான். அப்புறம் கிண்ணத்தைத் தூக்கி அவன் பக்கம் நீட்டினாள். மணி பத்தாகப் போவுது, கொண்டுபோய்க் குடுங்க, எனக்கு இன்னும் அவ்வளவு தூரம் நடக்க முடியல. சிந்திப்புடாதீங்க. செங்கோடன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான், இளஞ்சூடாக இருந்தது. நடையில் ஆட்கள் எதிரே வந்தார்கள், ஒரு தள்ளுவண்டி வந்தது, ஒதுங்கி ஒதுங்கிப் போனான். கை நடுங்கிற்று. நடுங்கட்டும் என்று விட்டான், பால் விளிம்புக்கு வெகு கீழே இருந்தது.